கடைக்காரர் மறுக்கலாம், கப்பல்காரர் மறுக்கலாமா?



இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் அண்மைக் காலமாக இரு வகையான முறையீடுகள் இடம்பெறுகின்றன. "இணையத்தில் நான் எழுதியதை நீக்கிவிட்டார்கள், என் கணக்கையே மூடிவிட்டார்கள். நாட்டின் அரசியல் சாசனம் எனக்கு வழங்கிய பேச்சுரிமையைப் பறிக்க இந்த நிறுவனங்கள் யார்?" என்பது ஒன்று. "நம் சமுதாயத்தை இழித்தும் பழித்தும் நாள்தோறும் எழுதப்படுகிறதே, இந்த நிறுவனங்கள் அவற்றை ஏன் நீக்குவதில்லை? கடை நடத்துகிறவனுக்குத் தன் கடையில் என்ன கிடக்கிறது என்று தெரியாதா?" என்பது மற்றொன்று. முன்னவர் நிறுவனம் கைவைக்கலாகாது என்கிறார்; பின்னவர் ஏன் கைவைக்கவில்லை என்கிறார். சில வேளைகளில் இரண்டும் ஒரே உறைக்குள் ஒரே கையெழுத்தில் வந்து சேர்வதும் உண்டு. எழுதியவர்களை நகையாடுவதற்காக இதைக் குறிப்பிடவில்லை. இரண்டு முறையீட்டிலும் நியாயம் இருப்பதனால்தான் இது சிக்கலான பொருளாகிறது.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பார்ப்போம். அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் அளிக்கிறது. அந்த உரிமை அடிப்படையில் அரசாங்கத்தின் கைக்குப் போடப்பட்ட கட்டு. கலெக்டரும் காவல் துறையும் சட்டமன்றமும் காரணமின்றி உங்கள் வாயை மூடலாகாது என்பதே அதன் பொருள். உங்கள் கட்டுரையை இப்பத்திரிகையின் ஆசிரியர் திருப்பி அனுப்பினால் அவர் உங்கள் அடிப்படை உரிமையைப் பறித்தவர் ஆகமாட்டார். பத்திரிகை அவருடையது, வேறொரு பத்திரிகைக்கு அனுப்பிக்கொள்ளலாம். வெளிநாட்டு இணைய நிறுவனங்களும் இதையேதான் சொல்கின்றன: "இடம் எங்களுடையது. எங்கள் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டுதானே உள்ளே வந்தீர்கள்?"

இந்த வாதத்தை நம் தாமிரபரணிக் கரை மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள்.

1906 அக்டோபர் 16 அன்று வ.உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். அதில் 8,000 பங்குகளை, அதாவது அன்றைய மதிப்பில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு, வாங்கியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். பள்ளிப் பாடத்தில் அந்தப் பெயர் ஒரு வரியில் வந்து போய்விடுகிறது. தொடக்கத்தில் அந்தச் சங்கத்துக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் பெற்றுத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார்கள். கொழும்புப் பாதையைத் தன் கைக்குள் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி வாளாவிருக்குமா? அதன் நெருக்குதலால் ஷா லைன் தன் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பயணச்சீட்டு வாங்கியவர்களும் சரக்கு ஏற்றியவர்களும் துறையில் நின்றார்கள். வ.உ.சி. கொழும்புக்குச் சென்று ஒரு கப்பலை வாடகைக்குப் பேசி வந்தார். பின்னர் ஓடித்திரிந்து பணம் திரட்டி, 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைக் கொண்டுவந்தார்.

ஷா லைன் எந்தச் சட்டத்தை மீறியது? கப்பல் அவர்களுடையது, யாருக்குக் கொடுப்பது என்பது அவர்கள் விருப்பம். ஆயினும் அந்தச் செயலை நாம் வெறும் வாணிப முடிவாகக் கருதுகிறோமா? பெரிய கம்பெனி ஒன்று சிறிய கம்பெனியின் வழியாக ஓர் ஊரின் முயற்சியை முடக்கப் பார்த்தது என்றுதான் கருதுகிறோம்.

இதே தூத்துக்குடியில் இதற்கு நேரெதிரான ஒரு மறுப்பும் நிகழ்ந்தது. 1908இல் சுதேசி உணர்ச்சி கொழுந்துவிட்டு எரிந்த வேளையில், இயக்கத்துக்கு மாறாக நின்றவர்களுக்கு நாவிதர் சவரம் செய்ய மறுத்தார். சலவைத் தொழிலாளர் துணி எடுக்க மறுத்தார். வழக்கறிஞர் ஒருவருக்குப் பாதிச் சவரம் நடந்துகொண்டிருக்கையில் அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்ட நாவிதர், மீதியை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டதாக அக்காலத்தைப் பற்றி எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். இதைப் படிக்கையில் நமக்குச் சிரிப்பு வருகிறது; அந்த நாவிதர் மேல் மதிப்பும் உண்டாகிறது. ஷா லைன் செய்தால் கோபம், நாவிதர் செய்தால் மதிப்பு, இரண்டும் மறுப்புத்தானே? நாம் விரும்பும் பக்கத்துக்கு ஒரு நீதி, விரும்பாத பக்கத்துக்கு ஒரு நீதி என்று வைத்துக்கொண்டுவிட்டோமா என்ற ஐயம் எழுவது இயல்பு.

அண்மைக் காலத்தில் இதே ஐயத்தை எழுப்பிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்து வழக்கு நடந்ததையும், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்து 2017 மார்ச்சில் அதை விலக்கியதையும் அறிவீர்கள். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. நம் தெருக்களில் எத்தனையோ கடைக்காரர்கள் அந்தப் பாட்டில்களை எடுத்து உள்ளே வைத்தார்கள். கடைக்காரருக்கு விற்க மறுக்கும் சுதந்திரம் இருந்ததனால்தான் அது நடந்தது. அன்று அதைப் போற்றியவர்கள், இன்று மறுக்கும் சுதந்திரமே கூடாது என்று சொல்லிவிட முடியாது.

என் அறிவுக்கு எட்டியவரை வேறுபாடு இங்கே இருக்கிறது. நாவிதர் ஒருவர் மறுத்தால் அடுத்த தெருவில் இன்னொருவர் இருக்கிறார். பெட்டிக்கடை மறுத்தால் அடுத்த கடை. ஆனால் கொழும்புக்குப் போகும் கடலில் இரண்டே கம்பெனிகளின் கப்பல்கள் ஓடும்போது ஒன்று போட்டியாகவும் மற்றது மறுப்பாகவும் நின்றால், மறுக்கப்பட்டவன் நீந்தித்தான் போக வேண்டும். ஆகவே மறுப்பவன் எவ்வளவு பெரியவன், அவனை விட்டால் வேறு வழி உண்டா என்பதைப் பாராமல் மறுப்பின் நியாயத்தை எடைபோட இயலாது. ஊரில் உள்ள நாவிதர் அனைவரும் சேர்ந்து ஒருவருக்கு மறுத்தால், அதற்கு நம் ஊர்களில் ஊர்விலக்கம் என்று பெயர். அந்த நாவிதர் கதைக்குச் சிரித்த நாம் இதற்குச் சிரிக்க மாட்டோம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சுமந்து செல்பவன் வேறு, எடுத்துக்காட்டுபவன் வேறு. தபால்காரர் உறைக்குள் இருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கருத்து எனக்குப் பிடிக்கவில்லை" என்று கடிதத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. சீட்டு வைத்திருப்பவர் என்ன கட்சி என்று இரயில்வே கேட்பதில்லை. ஆனால் தேநீர்க் கடைச் சுவரில் எந்தச் சுவரொட்டி ஒட்டலாம் என்பது கடைக்காரர் இஷ்டம். இணைய நிறுவனங்கள் இந்த இரண்டில் எது? உங்கள் தொலைபேசிக்கு இணைப்புக் கொடுக்கும் கம்பெனி சுமந்து செல்வது. அது ஆள் பார்த்து, பொருள் பார்த்துக் கட்டணம் வேறுபடுத்தலாகாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. ஃபேஸ்புக் நிறுவனம் கொண்டுவர முயன்ற 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டம் அதனால்தான் நம் நாட்டில் நின்றது. யூடியூப்பும் ஃபேஸ்புக்கும் அப்படியல்ல. அவை எதை முன்னே காட்டுவது, எதைப் பின்னே தள்ளுவது என்று நொடிதோறும் தேர்ந்தெடுக்கின்றன. சுவரும் அவர்களுடையது, ஒட்டுவதும் கிழிப்பதும் அவர்களே. ஆனால் அந்தச் சுவர் ஒரு நாட்டின் அத்தனை தெருக்களிலும் நீண்டு கிடக்கிறது.

இது என்ன பெரிய காரியம், பொழுதுபோக்குத்தானே என்று எண்ணும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பத்தமடைப் பாயை அறியாதவர் இல்லை. ஆற்றங்கரைக் கோரையைக் கீறி, நூல் போலாக்கி, மணமக்கள் பெயரையும் பாயிலேயே நெய்து தரும் அந்தக் கலை பெரும்பாலும் நம் சமுதாயப் பெண்களின் கையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, கணவரை இழந்தவர், பாய்களின் படங்களை இணையப் பக்கம் ஒன்றில் போட்டு வெளியூர்களிலிருந்து நேரடியாக ஆர்டர் பெற்று வந்தார். இடைத்தரகருக்குப் போகும் பணம் வீட்டுக்கு வந்தது. ஒரு நாள் அவர், ஆற்றில் சாக்கடை கலப்பதையும் அதனால் கோரை முன்போல் கிடைக்காததையும் அதே பக்கத்தில் எழுதினார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. பலர் சேர்ந்து ஒரே நாளில் புகார் செய்தார்கள் போலும். பக்கம் மூடப்பட்டது. காரணம் என்று வந்தது ஆங்கிலத்தில் ஒற்றை வாக்கியம்: விதிகளை மீறியிருக்கிறீர்கள். எந்த விதி, எந்த வரி என்பது இல்லை. மறுமுறையீடு அனுப்பினால் சில நிமிடங்களில் அதே வாக்கியம் திரும்ப வந்தது. அவரிடம் வாங்கியவர்கள் யாருடைய தொலைபேசி எண்ணும் அவரிடம் தனியே இல்லை. எதிரே மனிதன் ஒருவன் இருந்து "முடியாது" என்று சொல்லியிருந்தால் அவர் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். அந்த வழக்கறிஞருக்குக் கூட நாவிதரின் முகம் தெரிந்திருந்தது.

இத்தகையவருக்கு நம் சட்டத்தில் வழி உண்டா? கொஞ்சம் உண்டு. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, நாட்டில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளிகளைக் கொண்ட நிறுவனம் தன் நிபந்தனைகளின் பேரில் தானாக ஒன்றை நீக்குமானால், நீக்குவதற்கு முன் காரணத்தைத் தெரிவித்து, மறுத்துரைக்க வாய்ப்பும் அளிக்க வேண்டும். குறைதீர்க்கும் அதிகாரி ஒருவர் இந்தியாவில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 அக்டோபரில் செய்த திருத்தத்தின்படி அவர் பதிலில் நிறைவு இல்லையேல் 30 நாட்களுக்குள் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவிடம் செல்லலாம். நிறுவனங்கள் தங்கள் விதிகளைத் தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளிலும் பயனாளி விரும்பும் மொழியில் தர வேண்டும் என்பதும் அதே திருத்தம்தான். ஏட்டில் இருக்கும் இவை வீட்டுக்கு வந்து சேரவில்லை என்பது வேறு சங்கதி.

நீதிமன்றம் போகலாமா என்று கேட்போருக்கு: 2023 ஜனவரி 3 அன்று கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், 19, 21ஆவது பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றனர். நீதிபதி நாகரத்னா உடன்படவில்லை. கதவு திறந்திருக்கிறது என்று சொல்லலாம். உள்ளே நடந்து செல்லும் பாதை இனிமேல்தான் போடப்பட வேண்டும். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். டெக்சாஸ், ஃபுளோரிடா மாநிலங்கள் நிறுவனங்களின் நீக்கும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றின. 2024 ஜூலை 1 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வழக்குகளைக் கீழே திருப்பி அனுப்புகையில், பிறர் எழுத்துகளைத் தேர்ந்து தொகுப்பதும் நிறுவனத்தின் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்ற கருத்தை வெளியிட்டது. அங்கே கம்பெனியும் பேச்சுரிமை கோரலாம். நம் சாசனமோ 19ஆவது பிரிவைக் குடிமக்களுக்கே அளித்தது. வெளிநாட்டுக் கம்பெனி அதைக் கேட்டு வர முடியாது.

அப்படியானால் அரசாங்கமே இந்த நிறுவனங்களின் கையைப் பிடித்து எதை வைப்பது, எதை எடுப்பது என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நான் நின்று யோசிக்கிறேன். திருநெல்வேலி அதற்கும் சாட்சி சொல்லும் ஊர்.

வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் 1908 மார்ச் 12 அன்று கைதானது கப்பல் ஓட்டியதற்காக அல்ல, பேசியதற்காக. மறுநாள் நெல்லை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதே ஆண்டு ஜூலை 7 அன்று நெல்லை செஷன்ஸ் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். கம்பெனி கப்பலைத்தான் மறுத்தது. அரசு செக்கிழுக்க வைத்தது.

அது வெள்ளையர் ஆட்சி என்பீர்கள். 2017 அக்டோபர் 23 அன்று கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரு பெண் குழந்தைகள் உட்பட, நெல்லை கலெக்டர் அலுவலகத்தின் முன்னே தீக்கு இரையானதை எவர் மறப்பார்? அதைக் கண்டித்துக் கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் வரைந்து ஃபேஸ்புக்கில் வெளியிட்டார். முதலமைச்சரையும் கலெக்டரையும் காவல் ஆணையரையும் ஆடையின்றிக் காட்டிய படம் அது. அத்தகைய படத்தை நான் என் வகுப்பில் காட்ட மாட்டேன். என் ரசனைக்கு அது ஒவ்வாது. ஆனால் கலெக்டரின் புகாரின் பேரில் நெல்லைப் போலீசார் நவம்பர் 5 அன்று சென்னைக்கே சென்று அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. வழக்கை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்துச் செய்தது. மக்களுக்கு நெறி கற்பிப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. ஓர் இரவுச் சிறைக்கு மூன்றரை ஆண்டு வழக்கு.

2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததை அடுத்து, தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் அரசு உத்தரவால் நிறுத்தப்பட்டதும் நினைவிருக்கும். வளைகுடாவில் இருந்த பிள்ளைகள் வீட்டாருடன் பேச முடியாமல் தவித்தார்கள். அன்று எந்தக் கம்பெனியும் தானாக மறுக்கவில்லை, மறுக்கும்படி சொல்லப்பட்டது. 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடனின் இணையதளம் முழுவதும் முடக்கப்பட்டு, மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திறக்கப்பட்டது. அந்தத் தளத்தில் எத்தனை ஆண்டுச் செய்திகள், எத்தனை கட்டுரைகள்! ஒரு படத்துக்காக நூலகத்தையே பூட்டினார்கள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நம் முன்னோர் கேட்டது நினைவுக்கு வருகிறது. மேற்சொன்ன மேல்முறையீட்டுக் குழுவின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி இரண்டாவது முறையீட்டுக்கு வருகிறேன். நிறுவனம் எதையும் நீக்கலாகாது என்று நாம் வாதிட்டு வென்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் விளைவைக் காணக் கடல் கடந்து இலங்கைக்குப் போனால் போதும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையிலும் சுற்றுப்புறத்திலும் நம் சகோதரர்களின் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. வெறியூட்டும் பதிவுகள் சிங்களத்தில் ஃபேஸ்புக்கில் பரவிக்கொண்டிருந்தன. புகார் செய்தவர்கள் இருந்தார்கள்; புகாரைப் படித்துப் புரிந்துகொள்ளச் சிங்களம் அறிந்தவர்கள் அந்த நிறுவனத்தில் போதிய அளவில் இல்லை. இலங்கை அரசு சமூக ஊடகங்களையே முடக்கியது. 2020 மே மாதம் ஃபேஸ்புக் நிறுவனம் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகள் எரிந்தவைதாம். அங்கே மறுக்க வேண்டிய நேரத்தில் மறுக்காததே குற்றம். ஆகவே மறுக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கத்தான் வேண்டும். திகனையில் கண்ணில்லாதிருந்ததும், பத்தமடைச் சகோதரிக்கு ஒற்றை வாக்கியம் வந்ததும் எனக்கு ஒரே நோயாகத் தோன்றுகின்றன. நம் மொழிகளை வாசிக்க மனிதரை வைக்காமல், நம் மக்களை மட்டும் கோடிக்கணக்கில் வைத்துக்கொள்ளும் நோய் அது.

நம் வீட்டுக்குள்ளும் சற்றுப் பார்க்க வேண்டியுள்ளது. தனியார் அமைப்பு ஒன்று தன் உறுப்பினரை விலக்கலாமா என்ற கேள்வியை நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் முன்பே விசாரித்திருக்கிறது. அது ஒரு முஸ்லிம் வழக்கு. 1949இல் பம்பாய் மாகாணம் சமூக விலக்கத்தைத் தடை செய்தது. 1962இல், தாவூதி போரா சமூகத்தின் தலைவர் தொடுத்த வழக்கில், அந்தச் சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் கூறிற்று. சமயக் குழுவுக்கு விலக்கும் உரிமை உண்டு என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு சரியா என்பதை 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பார்வைக்கு அனுப்பினார்கள். கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்ல அவர்களாலேயே இயலவில்லை. கணக்கை மூடிய நிறுவனத்தின் மேல் சினம் கொள்ளும் ஜமாஅத் நிர்வாகிகள், தங்கள் மஹல்லாவில் ஒரு குடும்பத்தைத் தள்ளி வைக்கும்போது அவர்களுக்குக் காரணம் எழுத்தில் கொடுக்கப்பட்டதா, மறுமொழி சொல்ல அழைக்கப்பட்டார்களா என்று தங்களையே கேட்டுக்கொள்வார்களாக. நிறுவனத்திடம் நாம் கேட்பதும் அவ்வளவுதானே?

கணக்கு மூடப்பட்டவர்கள் செய்யத்தக்கவற்றைச் சொல்லி முடிக்கிறேன். வந்த அறிவிப்பைப் படமெடுத்துத் தேதியுடன் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் செயலிக்குள்ளேயே மறுமுறையீட்டை அனுப்பியதோடு நின்றுவிடாமல், அவர்கள் இந்தியாவுக்கென நியமித்துள்ள குறைதீர்க்கும் அதிகாரிக்குத் தனியே எழுதுங்கள். அவர் பெயரும் முகவரியும் அவர்கள் தளத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. எந்த விதியை, எந்த வரியில் மீறினோம் என்று கேளுங்கள். பதில் திருப்தியில்லையேல் 30 நாட்களைத் தவறவிடாமல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாக அனுப்புங்கள், கட்டணமில்லை. கணக்கு நல்லபடியாக இருக்கும் நாளிலேயே வாடிக்கையாளர், உறவினர் ஆகியோரின் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அந்தச் சகோதரி இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். ரமளானுக்கு முன் வந்த ஆர்டர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.